லோடு வண்டி: டீசலா, பெட்ரோலா? கணக்கு என்ன சொல்கிறது?

தாம்பரத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி ரோட்டு ஓரமாக நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இந்த ஊரை எழுப்பி விடுவது எலக்ட்ரிக் டிரெயினும் இல்லை, பஸ்ஸும் இல்லை. குட்டி யானைதான்! கோயம்பேட்டிலிருந்து காய்கறி மூட்டைகளோடு ஒன்று வரும். தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு ஒன்று முடிச்சூர் பக்கம் திரும்பும். வாடகை வீடு மாறுகிற குடும்பத்தின் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இன்னொன்று சேலையூர் பக்கம் போகும். பீரோவுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் :)

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை கம்பெனி வண்டிகள் இல்லை. ஒரு குடும்பம், ஒரு வண்டி, ஒரு கடன். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்கு பைனான்ஸ் போட்டு வாங்கிய வண்டி. மாதம் பிறந்தால் இ.எம்.ஐ. அதனால் வண்டி வாங்கும்போது "டீசலா, பெட்ரோலா?" என்று கேட்பது கார் பிரியர்களின் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் சம்பந்தப்பட்ட கேள்வி.

ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரில் பதில் எப்படிக் கிடைக்கிறது?

"என்ன மாப்ள யோசிக்கிற? லோடு வண்டின்னா டீசல்தான். பெட்ரோல் வண்டியெல்லாம் வீட்ல வச்சுத் தொடைக்கத்தான் லாயக்கு!"

மச்சான் இப்படிச் சொல்வார். மெக்கானிக் அண்ணனும் ஆமாம் என்பார். முடிந்தது விஷயம். காகிதத்தில் நாலு வரி கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

அந்த மச்சான் முட்டாள் இல்லை. அவர் சொன்னது ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு சரியாகத்தான் இருந்தது. எந்தக் காலத்தில், ஏன் சரியாக இருந்தது, இப்போது எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இந்தக் கட்டுரை.

குட்டி யானை பிறந்த கதை

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. விலை சுமார் இரண்டேகால் லட்சம். அதற்கு முன்னால் சின்ன லோடு என்றால் மூன்று சக்கர வண்டி, இல்லையென்றால் பெரிய டெம்போ. நடுவில் சரியான வண்டி இல்லாத இடத்தில் ஏஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் எஞ்சினே ஒரு சுவாரசியம். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கினால் என்ன கிடைக்குமோ அதுதான். இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைத்திறன். இன்றைக்குக் காலேஜ் பசங்க ஓட்டுகிற 150 சிசி பைக்குகள் சிலவற்றில்கூட அந்தப் பதினாறு இருக்கிறது. ஆனாலும் அது முக்கால் டன்னை இழுத்துக்கொண்டு போனது.

வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றார்கள், நம் ஊரில் 'குட்டி யானை' ஆனது. இலங்கையில் இதே வண்டிக்கு 'டிமோ பட்டா' என்று பெயர். பெயர் மாறினாலும் எஞ்சின் மாறவில்லை. எல்லா இடத்திலும் டீசல். பிறகு 2011ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. ஒன்றேகால் டன் ஏற்றும் டீசல் வண்டி. 2016ல் மாருதி முதல்முறையாக லோடு வண்டிச் சந்தையில் இறங்கி சூப்பர் கேரி கொண்டு வந்தபோது, அதற்கும் 793 சிசி டீசல் எஞ்சின்தான் வைத்தது. பெட்ரோல் கார்களுக்குப் பெயர் போன மாருதியே லோடு வண்டிக்கு டீசலைத் தேடிப் போனது என்றால், அந்தக் காலத்தின் நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் போர் அடிக்கலாம். இருந்தாலும் இது தெரியாமல் கணக்குப் போட முடியாது.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஏறக்குறைய பத்து மடங்கு அமுக்கி, ஸ்பார்க் பிளக் மூலம் பற்ற வைக்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. வெறும் காற்றைப் பதினாறு, இருபது மடங்கு வரை அமுக்குவார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகுமே, அதே கதைதான். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். அதிகமாக அமுக்க அமுக்க, எரிபொருளில் இருக்கும் சக்தியை அதிகமாக உறிஞ்ச முடியும். டீசல் வண்டி அதிக மைலேஜ் தருவதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் எரிபொருளே. ஒரு லிட்டர் பெட்ரோலை விட ஒரு லிட்டர் டீசலில் சுமார் பத்து சதவீதத்துக்கும் மேல் சக்தி அதிகம். டீசல் அடர்த்தியான எண்ணெய் என்பதால் ஒரு லிட்டரில் சரக்கு அதிகம், அவ்வளவுதான். மூன்றாவது, டீசல் எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை தரும். பல்லாவரம் மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது டிரைவருக்கு அந்த அருமை தெரியும்.

இதற்கெல்லாம் விலை உண்டு. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக, வலுவாக இருக்க வேண்டும். டீசலைப் பீய்ச்சும் பம்பும் இன்ஜெக்டரும் மிக நுணுக்கமான, காஸ்ட்லியான சாமான்கள். ஆகவே டீசல் வண்டி வாங்கும்போதே விலை அதிகம், ரிப்பேர் வந்தாலும் செலவு அதிகம்.

காமர்ஸ் மொழியில் சொல்வதென்றால், டீசல் வண்டிக்கு நிலையான செலவு அதிகம், மாறும் செலவு குறைவு. பெட்ரோல் வண்டிக்கு நேர் தலைகீழ். இப்படி இரண்டு இருந்தால் நடுவில் ஒரு பிரேக் ஈவன் பாயிண்ட் இருந்தே தீரும் இல்லையா? பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகும் அந்தப் பாயிண்ட், தாம்பரம் ரோட்டில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய கணக்கு ஏன் மாறியது?

இரண்டு காரணங்கள். ஒன்று விலை, இன்னொன்று புகை.

முதலில் விலை. டீசல் என்பது பஸ், லாரி, விவசாய பம்ப்செட் எல்லாவற்றுக்கும் வேண்டிய எண்ணெய். அதன் விலை ஏறினால் தக்காளி விலை ஏறும், தக்காளி விலை ஏறினால் ஓட்டு குறையும். அதனால் மத்திய அரசு நீண்ட காலம் டீசல் விலையைத் தன் கையில் வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனிலேயே விட்டுவிட்டார்கள். டீசலை விடவில்லை. விளைவு, 2012 மே மாதம் சென்னையில் பெட்ரோல் 77 ரூபாயைத் தாண்டியது, டீசல் 44 ரூபாய் பக்கத்தில் இருந்தது. லிட்டருக்கு 30 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம்!

2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதம் ஐம்பது பைசா அளவில் ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இறங்கிய நேரம் பார்த்து டீசல் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. அதே நவம்பரில் மத்திய அரசு டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 5 என்று குறைத்தது. இப்படி ஏறி இறங்கி, 2024 மார்ச்சில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 பைசா, டீசல் 92 ரூபாய் 34 பைசா என்று வந்து நின்றது. முப்பதுக்கும் மேல் இருந்த வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சமாகிவிட்டது.

அடுத்தது புகை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ் 6 விதி வந்தது. டீசல் புகையில் இரண்டு பிரச்சினைகள்: கரித்துகள், நைட்ரஜன் ஆக்சைடு. இரண்டையும் பிடிக்க சைலன்சர் குழாய்க்குள் தனித்தனிக் கருவிகள் வைக்க வேண்டும். ஒரு பெரிய லாரியின் விலையில் அந்தச் செலவு கரைந்துபோகும். நாலைந்து லட்சத்துக்கு விற்கிற குட்டி யானையின் விலையில் கரையாது, துருத்திக்கொண்டு நிற்கும்.

அதனால் என்ன ஆனது? மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை மொத்தமாக விட்டது. சூப்பர் கேரி 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டியாகவும் சி.என்.ஜி வண்டியாகவும் மாறியது. டாடாவும் ஏஸில் பெட்ரோல் எஞ்சின் கொண்டு வந்தது. 694 சிசி, சுமார் 30 குதிரைத்திறன். 'பெட்ரோல் இழுக்காது' என்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 2005ன் டீசல் ஏஸை விட இந்தப் பெட்ரோல் ஏஸுக்குத் திறனும் அதிகம், இழுவை எண்ணும் அதிகம். ஆனால் அந்தத் திறனை எடுக்க எஞ்சினைக் கொஞ்சம் விரட்ட வேண்டும். டீசல் மாதிரி மெதுவாகப் போகும்போதே தராது. டீசல் பழகிய கால், பெட்ரோல் வண்டியில் கியரை மாற்றாமல் திணறடித்துவிட்டு "இழுக்கல" என்று சொல்வது பாதி பழக்கக் குற்றம்.

மூன்று அண்ணன்கள்

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். கற்பனையாக மூன்று அண்ணன்களை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் தண்ணீர் கேன் அண்ணன். முடிச்சூர், பெருங்களத்தூர் சுற்றியே வேலை. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். நூறு மீட்டருக்கு ஒரு தடவை நிற்பார்.

இரண்டாமவர் காய்கறி அண்ணன். கோயம்பேடு போய் வர 50 கிலோமீட்டர், அப்புறம் சேலையூர், மேடவாக்கம் கடைகளுக்குச் சரக்குப் போட 15. ஆக 65.

மூன்றாமவர் காண்டிராக்ட் அண்ணன். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் ஓட்டுகிறார். இரண்டு டிரிப், ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர்.

எல்லோருக்கும் மாதம் 26 நாள் வேலை. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லோடோடு பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டர், டீசல் வண்டி 20 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். (அவரவர் வண்டிக்கு அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். முறைதான் முக்கியம்.)

பெட்ரோல்: கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 பைசா.
டீசல்: கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 பைசா.
டீசலால் மிச்சம்: 2 ரூபாய் 13 பைசா.

இப்போது டீசல் வண்டிக்கான கூடுதல் செலவு. ஒரே அளவு வண்டியில் டீசலுக்கு 1,20,000 ரூபாய் அதிகம் என்று வைப்போம். இது மிகைப்படுத்திய எண் இல்லை. 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோ பெட்ரோல் 3.99 லட்சத்தில் தொடங்கியது. அதே செப்டம்பரில் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் டீசலின் விலை 5.52 லட்சம். குறைந்த விலை டீசல் மினி டிரக் என்று சொல்லி விற்ற வண்டியே அந்த விலை. இரண்டும் ஒரே வண்டி இல்லை, ஒன்று 750 கிலோ ஏற்றும், மற்றது 900 கிலோ. அதனால்தான் ஒன்றரை லட்ச வித்தியாசத்தை 1.20 ஆகக் குறைத்துக்கொண்டது.

அந்த 1,20,000 ரூபாயையும் யாரும் கையிலிருந்து போடப்போவதில்லை. கடன்தான். 11 சதவீத வட்டி, 4 வருடம் என்றால் மாதம் சுமார் 3,100 ரூபாய். டீசல் சர்வீஸ், பில்டர் வகையில் மாதம் 500 ரூபாய் கூடுதல். மொத்தம் 3,600 ரூபாய்.

3,600ஐ 2.13ஆல் வகுத்தால் சுமார் 1,690 கிலோமீட்டர். 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 கிலோமீட்டர். இதுதான் பிரேக் ஈவன்.

இப்போது அண்ணன்களைக் கூப்பிடுவோம்.

தண்ணீர் கேன் அண்ணன் மாதம் 780 கிலோமீட்டர் ஓடுகிறார். டீசல் வாங்கினால் எண்ணெயில் மிச்சம் 1,660 ரூபாய். கூடுதல் செலவு 3,600. மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் கைநஷ்டம். நாலு வருடத்தில் 90,000 ரூபாய்க்கு மேல். பங்கில் ஒவ்வொரு முறையும் "டீசல் கம்மி" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே நஷ்டப்படுவார். ஏனென்றால் பங்கில் கொடுக்கிற காசு கண்ணுக்குத் தெரிகிறது, இ.எம்.ஐக்குள் ஒளிந்திருக்கிற மூவாயிரம் தெரிவதில்லை.

காண்டிராக்ட் அண்ணன் மாதம் 3,120 கிலோமீட்டர். மிச்சம் 6,600 ரூபாய்க்கு மேல். கூடுதல் செலவு போக மாதம் 3,000 ரூபாய் லாபம். இவர் கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கலாம். மச்சான் சொன்னது இவருக்கு இன்றைக்கும் சரி.

காய்கறி அண்ணன் நூலில் நிற்கிறார். எதை வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் வேறு விஷயங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நியாயமாகப் பேசினால்...

இந்தக் கணக்கில் டீசல் பக்கத்துக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. பழைய டீசல் வண்டிக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம். நாலு வருடம் கழித்து விற்கும்போது 36,000 ரூபாய் அதிகம் கிடைக்கும் என்றால், பிரேக் ஈவன் 65லிருந்து சுமார் 51 கிலோமீட்டராக இறங்கிவிடும். காய்கறி அண்ணனுக்கு அப்போது டீசல் பக்கம் தராசு சாயும்.

விற்காமல் எட்டு வருடம் ஓட்டினால்? கடன் நாலு வருடத்தில் முடிந்துவிடும், எண்ணெய் மிச்சம் தொடரும். கணக்கு சுமார் 37 கிலோமீட்டர் என்று வருகிறது. ஆனால் எட்டு வருடமும் பராமரிப்பு அதே 500 ரூபாயில் நிற்காது. வயதான டீசல் வண்டியில் இன்ஜெக்டரோ பம்போ போனால், ஒரே ரிப்பேரில் பல மாத மிச்சம் காலி.

எப்படிப் பார்த்தாலும் 30 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு டீசல் கட்டுப்படியாகவில்லை. 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவருக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. சண்டையெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு ரகசியமும் இருக்கிறது. டீசலால் கிடைக்கிற 2 ரூபாய் 13 பைசாவில், டீசலின் விலை குறைவு என்பதால் வருவது எவ்வளவு? டீசலும் 101 ரூபாய் விற்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 5 பைசா. அதாவது மலிவு விலையால் கிடைப்பது வெறும் 45 பைசா! மீதி 1 ரூபாய் 68 பைசா மைலேஜால் வருவது. இதே கணக்கை 2012 விலையில் போட்டால், மிச்சம் கிலோமீட்டருக்குச் சுமார் 3 ரூபாய். அதில் பாதிக்கு மேல் விலைச் சலுகையால் வந்தது. மச்சானின் விதியில் பாதியை எழுதியது எஞ்சின் இல்லை, அரசாங்கம். அரசாங்கம் கையை எடுத்துவிட்டது. விதி மட்டும் வாயிலிருந்து வாய்க்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான கதை இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான காலம் டீசல் விலை சாதாரணப் பெட்ரோலை விட அதிகம். அங்கே பிக்கப் டிரக் என்றாலே பெரும்பாலும் பெட்ரோல்தான். போர்டு தன் எப்-150 பிக்கப்பில் 2018ல் டீசல் எஞ்சின் வைத்துப் பார்த்து, 2021ல் எடுத்துவிட்டது. 'லோடு வண்டி என்றால் டீசல்' என்பது இயற்கை விதி அல்ல, ஊருக்கு ஊர் மாறுகிற வரி விதி.

பணத்தைத் தாண்டி

தண்ணீர் கேன் அண்ணன் மாதிரி நின்று நின்று போகிறவர்களுக்கு பி.எஸ் 6 டீசலில் வேறொரு தலைவலியும் உண்டு. கரித்துகளைப் பிடிக்கும் பில்டர் நிறைந்ததும், அது சூடேறி அந்தக் கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று போனால் அது நடக்காது. எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் சென்டர் போக வேண்டும். வண்டலூரிலிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் பறக்கிற வண்டிக்கு இந்தப் பிரச்சினை வராது.

"மழைக் காலத்துல டீசல் வண்டிதான் தண்ணியில போகும்ணே" என்பது இன்னொரு வாதம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் இந்தப் பேச்சை எளிதாக நம்பிவிடுவார்கள். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் ஈரம் பட்டு நின்றுபோவது குறைவு என்பது உண்மை. ஆனால் காற்று போகிற குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் எந்த எஞ்சினுக்கும் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதிகமாக அமுக்குகிற டீசல் எஞ்சினில் சேதம் மோசமாகவே இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் வண்டியை இறக்காமல் இருப்பதுதான் ஒரே வைத்தியம், அது எந்த எண்ணெயில் ஓடினாலும்.

பெட்ரோல் பக்கமும் சொக்கத் தங்கம் இல்லை. இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டிகளில் 6, 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் வண்டி பார்க்கிறவர்கள், அது இந்தக் கலவைக்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

ஓவர்லோடு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. டீசல்தான் வேண்டும் என்று பலர் அடம்பிடிப்பதன் நிஜக் காரணம் அதுதான். 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்ற வேண்டும், டீசல் தாங்கும்! எஞ்சின் தாங்கலாம். பிரேக்? டயர்? 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு தடவை மாட்டினால் பல மாத எண்ணெய் மிச்சம் போச்சு. எப்போதும் ஒரு டன்னுக்கு மேல் லோடு இருக்கிறதென்றால், தோஸ்த், பொலேரோ மாதிரி அதற்கென்று இருக்கிற பெரிய பிக்கப்பை வாங்குவதுதான் முறை. அந்த அளவில் டீசலே சரி, அதில் சந்தேகமில்லை.

கடைசியாக, கணக்கில் வராத ஒன்று. 2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. பி.எஸ் 6 வண்டிகள் பழையவற்றை விட எவ்வளவோ சுத்தம். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிற பழைய டீசல் வண்டி அப்படி இல்லை. பத்தடித் தெருவில் வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால், அந்தப் புகை முதலில் போவது அந்த வீட்டுக் குழந்தையின் மூக்குக்குள்தான். ஓட்டுகிறவரோ நாள் முழுக்க அதிலேயே இருக்கிறார்.

சி.என்.ஜி இருக்கிறதே, எலக்ட்ரிக் ஏஸ்கூட 2022ல் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே பாதையில் தினமும் ஓடி, ராத்திரி ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு எலக்ட்ரிக்கும் நல்ல தேர்வாக இருக்கும். போகிற வழியில் கேஸ் பங்க் இருக்கிறவருக்கு சி.என்.ஜி. ஆனால் அங்கேயும் கேள்வி இதேதான். முதலில் எவ்வளவு கூடுதலாகப் போடுகிறோம், கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஆக, என்ன செய்யலாம்?

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாதம், ஒரு சின்ன நோட்டில் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறோம், எவ்வளவு எடை ஏற்றுகிறோம் என்று எழுதினால் போதும். சொந்த வண்டி இல்லாதவர்கள் வாடகை வண்டி ஓட்டும்போதே எழுதலாம். மாத முடிவில் சராசரி 40க்குக் கீழே என்றால் பெட்ரோல். 80க்கு மேலே என்றால் டீசல். நடுவில் என்றால் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறோம், லோடு எவ்வளவு, ஓட்டம் நின்று நின்று போவதா நேராகப் போவதா என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

எஞ்சின் வாங்குவதற்கு முன்னால் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மச்சான் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் மாதம் அஞ்சாம் தேதி பைனான்ஸ்காரரிடமிருந்து போன் வரும்போது அதை எடுத்துப் பேச வேண்டியது மச்சான் இல்லையே!